மலையில் எரியும் தீ, ஊரில் இறங்கும் புகை: காட்டுத்தீயும் காற்றின் தரமும்

மாசி, பங்குனி மாதங்களில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையோரப் பகுதிகளில், குறிப்பாகத் தடிக்காரன்கோணம், அழகியபாண்டியபுரம், பூதப்பாண்டி, குலசேகரம் போன்ற ஊர்களில், விடியும் வேளையில் எதிரே நிற்கும் மலையின் விளிம்பே தெரியாத நாட்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை வெறும் பனிமூட்டம்தான். வெயில் ஏறிய சற்று நேரத்தில் மலை தெளிந்துவிடும். சில நாட்களில் மட்டும் மூட்டம் சாம்பல் நிறத்தில் நீடிக்கிறது, கருகிய புல்லின் நெடி மூக்கில் ஏறுகிறது, முற்றத்தில் காயப்போட்ட துணியில் கரித்தூள் படிகிறது. முந்தைய மாலையில் மலைமேல் எங்கோ தீப்பிடித்தது என்று ஊரில் பேச்சு வரும். எரிந்தது மாலையில், புகை வந்ததோ விடியலில். அதே அளவு தீ அடுத்த வாரம் அதே இடத்தில் எரிந்தாலும் ஊருக்குள் புகையே தெரியாமல் போகவும் கூடும். இது முரண்பாடு போலத் தோன்றினாலும் காட்டுத்தீப் புகையின் இயல்பே இதுதான். ஓர் ஊரின் காற்று எவ்வளவு கெடும் என்பதைத் தீயின் பரப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. எரியும் நேரமும், காற்றின் திசையும், தலைக்குமேல் காற்று எத்தனை உயரம்வரை கலக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

முதலில் இங்கே என்ன எரிகிறது என்பதைப் பார்க்கலாம். மாவட்டத்தின் மொத்தப் பரப்பு சுமார் 1,670 சதுர கிலோமீட்டர்; அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, அதாவது சுமார் 400 சதுர கிலோமீட்டர், கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயமாக இருக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் என்பதால் இங்குள்ள காடு எரியாது என்று எண்ணுவோர் உண்டு. கீரிப்பாறைப் பக்கத்துப் பசுமைமாறாக் காடுகளைப் பொறுத்தவரை அந்த எண்ணம் பெருமளவு சரிதான், ஏனெனில் அங்கே தரையில் கிடக்கும் இலைக்கும் ஈரம் இருக்கிறது. ஆனால் மலைமுகட்டுப் புல்வெளிகளும், ஆரல்வாய்மொழிப் பக்கத்து வறண்ட புதர்க்காடுகளும், மகேந்திரகிரியைச் சுற்றியுள்ள சரிவுகளும் வேறு வகையைச் சேர்ந்தவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் ஜனவரியில் காயத் தொடங்கும் புல், கோடைமழை வரும்வரை எரிவதற்குத் தயாராகவே நிற்கிறது. ரப்பர் தோட்டங்களிலும் குளிர்கால முடிவில் மரங்கள் மொத்தமாக இலை உதிர்ப்பதால், காய்ந்த சருகு கணுக்காலளவு சேர்ந்துவிடுகிறது.

இந்தியக் காடுகளில், குறிப்பாக மேற்குத் தொடர்ச்சி மலையில், ஏற்படும் தீயில் பெரும்பகுதி தரைத்தீ ஆகும். மரத்தின் உச்சியிலிருந்து உச்சிக்குத் தாவும் தீயை நாம் பெரும்பாலும் வெளிநாட்டுக் காணொளிகளில்தான் காண்கிறோம். இங்கே புல்லும் சருகும் முட்புதரும் எரிகின்றன. தொடக்கம் ஏறக்குறைய எப்போதும் மனிதரிடமிருந்தே வருகிறது. புதுப்புல் தளிர்க்கட்டும் என்று மேய்ச்சல் நிலத்தில் வைத்த தீ, தேனெடுக்கப் பிடித்த பந்தம், அணைக்காத பீடி, தோட்டத்தில் குவித்து எரித்த சருகு என்று காரணங்கள் பல. தரைத்தீ என்பதால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் சென்றவர்களைச் சூழ்ந்ததும் காய்ந்த புல்லில் ஓடிய தீயே. அதில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இனி புகைக்கு வருவோம். ஒரு செடி முழுமையாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் சாம்பலும் மட்டுமே எஞ்ச வேண்டும். காட்டில் அப்படி எரிவதில்லை. தேவையான அளவு ஆக்சிஜன் கிடைக்காமலும், எரிபொருளில் ஈரம் இருப்பதாலும், எரிதல் பாதியில் நின்று, பலவகைப் பொருள்கள் காற்றில் கலக்கின்றன. கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், ஃபார்மால்டிஹைடு, பென்சீன் போன்ற ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் ஆகியவை வாயு நிலையில் உள்ளவை. இவற்றோடு கரித்துகளும், எண்ணெய்த்தன்மையுள்ள கரிமப் பொருள்களின் நுண்துளிகளும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியும் புகையாகின்றன. சுடர்விட்டு எரியும் தீயைவிடக் கனன்று புகையும் தீயே, எரிந்த ஒவ்வொரு கிலோவுக்கும் அதிக நுண்துகளையும் அதிக கார்பன் மோனாக்சைடையும் வெளியிடுகிறது என்பது தொடக்கநிலை வாசகர் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. தீ அணைந்துவிட்டது என்று எல்லோரும் மலையிறங்கிய பிறகு, விழுந்த மரக்கட்டையும் வேர்முடிச்சும் இரவு முழுவதும் கனல்கின்றன. காலையில் ஊரை மூடுவது பெரும்பாலும் இந்தப் பின்புகைதான்.

நுண்துகள் என்று சொல்லும்போது அளவுதான் முக்கியம். விட்டம் 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைவான துகள்களை பிஎம் 2.5 என்றும், 10 மைக்ரோமீட்டருக்குக் குறைவானவற்றை பிஎம் 10 என்றும் குறிக்கிறோம். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரோமீட்டர். காட்டுத்தீப் புகையின் துகள்களில் மிகப் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவானவை. துணியில் படியும் கரித்தூள் எரிச்சலூட்டினாலும், அது பெரிய துகள் என்பதால் தீக்கு அருகிலேயே விழுந்துவிடும், மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்துகள்களோ நுரையீரலின் காற்றறைகள்வரை இறங்குகின்றன. அவற்றுள் மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன. தம் எடையால் தரையில் விழ முடியாத அளவுக்குச் சிறியவை என்பதால், மழை கழுவும்வரை பல நாட்கள் காற்றில் மிதக்கவும் இவற்றால் முடியும். பார்க்கும் ஒளியின் அலைநீளத்துக்கு நெருங்கிய அளவுடையவை என்பதால் ஒளியைச் சிதறடித்துத் தொலைவை மங்கச் செய்கின்றன; புகைநாட்களில் மாலைச் சூரியன் செம்பழுப்பாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

புகை எவ்வளவு தொலைவு போகும் என்ற கேள்விக்குத் தீ எவ்வளவு வெப்பத்தைக் கக்குகிறது என்பதே முதல் விடை. வெப்பமான காற்று மேலெழும். தீ பெரிதாக இருந்தால் புகைத்தூண் பல கிலோமீட்டர் உயரம் செல்லும். அந்த உயரத்தில் வீசும் வலுவான காற்று அதை நாடு விட்டு நாடு கொண்டுபோகும். 2023 ஜூனில் கனடாவின் காடுகளில் எரிந்த தீயின் புகை நியூயார்க் நகரின் வானத்தை ஆரஞ்சு நிறமாக்கியது. 2019 இறுதியில் தொடங்கி 2020 தொடக்கம்வரை ஆஸ்திரேலியாவில் எரிந்த தீயின் புகை பசிபிக் பெருங்கடலைத் தாண்டித் தென்னமெரிக்காவை எட்டியது. இந்தோனேசியாவின் கரிநிலங்களில், அதாவது பாதி மட்கிய தாவரப் பொருள் தடிமனாகச் சேர்ந்த நிலங்களில், தீப்பற்றும் ஆண்டுகளில் சிங்கப்பூரும் மலேசியாவும் மூச்சுத்திணறுகின்றன. 1997, 2015 ஆகிய ஆண்டுகள் அவற்றில் மிகக் கடுமையானவை. அங்கு வேலைக்குச் சென்ற குமரி மாவட்டத்தார் பலர் அந்தப் புகைமூட்டத்தை நேரில் அறிந்தவர்களே.

இந்தப் பெருந்தீக்களை வைத்து நம் மலையின் புகையை அளந்தால் கணக்கு தவறும். நம் தரைத்தீக்கு அத்தனை வெப்பம் இல்லை. அதன் புகை பெரும்பாலும் மலையுயரத்தை ஒட்டியே தங்கி, பக்கவாட்டில் பரவுகிறது. ஆகவே அது கண்டம் தாண்டுவதில்லை. அதே காரணத்தால், உயரே போய்க் கலைந்துவிடுவதும் இல்லை. சிறிய தீயின் புகை தாழ்வாக இருப்பதால், அடிவாரத்தில் வாழ்பவருக்கு அது தன் அளவை மீறிய தொல்லையாகிறது.

மலையடிவாரத்தில் காற்று ஒரு நாளில் இருமுறை திசை மாறுகிறது. பகலில் வெயில்பட்ட சரிவுகள் சூடாவதால் அவற்றை ஒட்டிய காற்று மேல்நோக்கி ஏறுகிறது. பள்ளிப் பாடநூல் இதைப் பள்ளத்தாக்குக் காற்று என்கிறது. இரவில் சரிவுகள் விரைவாகக் குளிர்வதால், குளிர்ந்து கனத்த காற்று கீழ்நோக்கி வழிகிறது, அது மலைக்காற்று. கடலோரத்தில் இதற்கு இணையாகப் பகலில் கடற்காற்றும் இரவில் நிலக்காற்றும் வீசுகின்றன. குமரி மாவட்டத்தில் மலையடிவாரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே தூரம் குறைவு என்பதால் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கைகோக்கின்றன. பகலில் முட்டத்திலும் குளச்சலிலும் கரையேறும் கடற்காற்று மலையை நோக்கி நகர, பள்ளத்தாக்குக் காற்று அதை மேலே இழுத்துக்கொள்கிறது. இரவில் மலையிலிருந்து இறங்கும் காற்று நிலக்காற்றோடு சேர்ந்து வயல்வெளி வழியே கடலை நோக்கிப் போகிறது. மாலைவரை மலைப்பக்கம் தள்ளப்பட்டிருந்த புகை, இருட்டிய பிறகு ஊருக்குள் இறங்குவது இந்த ஏற்பாட்டால்தான்.

இறங்கிய புகை அங்கேயே தங்குவதற்கு இன்னொரு காரணம் வேண்டும். வழக்கமாக உயரம் கூடக்கூட வெப்பநிலை குறையும். அதனால் தரையருகே சூடான காற்று எழுந்து மேலுள்ள காற்றோடு கலக்கும். தெளிந்த வானமும் காற்றோட்டக் குறைவும் உள்ள இரவில் தரை வெகுவாகக் குளிர்ந்து, தன்னை ஒட்டிய காற்றையும் குளிர்விக்கிறது. அப்போது கீழே குளிர்ந்த காற்றும் அதற்குமேல் வெப்பமான காற்றும் அமைகின்றன. இதற்கு வெப்பத் தலைகீழ் மாற்றம் என்று பெயர். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் அது எழாது. அதில் கலந்த புகையும் எழாது. நண்பகலில் நிலப்பரப்பின்மேல் ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட உயரம்வரை பரவிக் கலக்கும் காற்று, அத்தகைய இரவில் ஓரிரு நூறு மீட்டருக்குள் அடங்கிவிடக்கூடும். புகையின் அளவு மாறாதபோதும் அது கலக்கும் இடம் சுருங்குவதால் அடர்த்தி பல மடங்காகிறது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த தாழ்வான பகுதிகளைப் போல மலைகள் வளைத்து நிற்கும் இடங்களில் இது கூடுதலாக நேரும். பேச்சிப்பாறைக்கு மேலுள்ள காட்டுக்குடியிருப்புகளில் வாழும் காணிப் பழங்குடி மக்களுக்குத் தீயும் அருகில், புகையும் அருகில். காலையில் வெயில் உறைத்துத் தரை சூடான பிறகே இந்த அடுக்கு உடைகிறது. எட்டு, ஒன்பது மணிக்கு மேல் மூட்டம் கலைவதன் பொருள் புகை ஒழிந்தது என்பதல்ல, அது அதிக உயரத்துக்குப் பரவி நீர்த்தது என்பதே.

மலைச்சரிவும் கடற்கரையும் தவிர, மாவட்டத்துக்குள் காற்று நுழையும் மூன்றாவது வாசல் ஆரல்வாய்மொழிக் கணவாய். மலைத்தொடர் முடிந்து சமவெளி திறக்கும் அந்த இடைவெளியில் காற்றின் வேகம் கூடுவதால்தான் முப்பந்தலைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே பாய்கிறது. அப்போது காடு நனைந்திருப்பதால் புகைக்கு வேலையில்லை. தை, மாசியில் பொதுவான காற்றோட்டம் வடகிழக்கிலிருந்து வருகிறது. அந்நாட்களில் திருநெல்வேலிப் பக்கத்துச் சரிவுகளில் எரியும் தீயின் புகை கணவாய் வழியே தோவாளை, நாஞ்சில் நாடு நோக்கி வரக்கூடும். மலைக்கு அந்தப் பக்கம் எரிவது அந்தப் பக்கத்தாரின் கவலை என்று இருந்துவிட முடியாது. அதேபோல் நம் பக்கத்துப் புகை நெய்யாறு வனப்பகுதியை ஒட்டிய கேரள ஊர்களுக்கும் செல்லும்.

இன்னும் பெரிய அளவில் பார்த்தால், தீயே இல்லாத நாளிலும் வறண்ட மாதங்களில் நம் காற்று முழுக்கத் தூயதாக இருப்பதில்லை. குளிர்காலத்தில் துணைக்கண்டத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று, வடக்கே வாகனங்களும் ஆலைகளும் அடுப்புகளும் வயல்தீயும் உண்டாக்கிய நுண்துகள்களைச் சுமந்து வருகிறது. 1999ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் பல நாட்டு அறிவியலாளர்கள் சேர்ந்து நடத்திய இந்தியப் பெருங்கடல் பரிசோதனை, மாலத்தீவு வரையிலும் கடலுக்குமேல் ஒரு பழுப்பு மூட்டம் விரிந்து கிடப்பதைப் பதிவு செய்தது. நமக்கு அண்மையில், திருவனந்தபுரம் தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் ஆய்வகம் நெடுங்காலமாகக் கரித்துகளை அளந்து வருகிறது. மழைக்காலத்தில் குறைவாகவும் வறண்ட காலத்தில் மிகுதியாகவும், கடற்காற்று வீசும் பகலில் குறைவாகவும் நிலக்காற்று வீசும் இரவிலும் காலையிலும் மிகுதியாகவும் இருப்பதை அந்த அளவீடுகள் காட்டுகின்றன. நம் கடலோரமும் அதே கடலோரத்தின் தொடர்ச்சிதான். மலைத்தீயின் புகை இந்த அடித்தளத்தின்மேல் வந்து சேர்கிறது.

அதனோடு ஊருக்குள் நாமே எரிப்பதும் சேர்கிறது. நுரையீரலுக்குக் காட்டுப்புல்லின் புகை, தென்னை மட்டையின் புகை என்ற வேறுபாடு தெரியாது. தெருவோரச் சருகுக் குவியல், செங்கல் சூளை, குப்பைக் கிடங்கில் பிடிக்கும் தீ எல்லாம் அதே குளிர்ந்த அடுக்கில்தான் கலக்கின்றன. குப்பையில் பிளாஸ்டிக் இருப்பதால் அதன் புகை கூடுதலாக நச்சுத்தன்மை உடையது. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பிடித்த தீ பல நாட்கள் அணையாமல் அந்நகரைப் புகையில் ஆழ்த்தியதை அண்டை மாநிலத்தாராகிய நாம் மறந்திருக்க முடியாது. நாகர்கோவிலில் ஒரு காலைநேரம் மூட்டமாக இருந்தால் பழியை முழுவதும் மலைமேல் போடுவது நியாயமாகாது என்பதே என் கருத்து.

அளவீட்டுக்கு வருவோம். ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் நுண்துகள் உள்ளது என்பதே அலகு. இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் தரநிலைப்படி பிஎம் 2.5இன் 24 மணிநேரச் சராசரி 60ஐத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய வழிகாட்டுதல்படி 15ஐத் தாண்டக் கூடாது. இரண்டுக்கும் நான்கு மடங்கு இடைவெளி இருக்கிறது. ஆகவே ஒரு செய்தியில் ‘வரம்புக்குள் உள்ளது’ என்று வந்தால் எந்த வரம்பு என்று கேட்பது நல்லது. நுண்துகள், ஓசோன், கார்பன் மோனாக்சைடு உள்ளிட்ட எட்டு மாசுகளைக் கணக்கில் கொண்டு, அவற்றுள் மிக மோசமான ஒன்றின் மதிப்பையே 0 முதல் 500 வரையிலான ஒரே எண்ணாகச் சொல்வது தேசியக் காற்றுத் தரக் குறியீடு. 50 வரை நல்லது, 100 வரை திருப்திகரம், 200 வரை மிதம், அதற்குமேல் மோசம், மிக மோசம், கடுமை என்று அது வகுக்கப்பட்டுள்ளது. இங்கே ஓசோனைப் பற்றி ஒரு சொல்: அது தீயிலிருந்து நேரடியாக வருவதில்லை, புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து வழியில் உருவாகிறது, அதனால் தீக்கு அருகே குறைந்தும் தொலைவில் கூடியும் இருக்கலாம்.

சராசரி என்ற சொல்லில் ஒரு மறைப்பு இருக்கிறது. ஒரு மலையோர ஊரில் இருபத்தொரு மணிநேரம் பிஎம் 2.5 அளவு 20 ஆகவும், விடியலின் மூன்று மணிநேரம் மட்டும் 200 ஆகவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 24 மணிநேரச் சராசரி 42.5தான் வரும். இந்தியக் குறியீட்டில் அந்த நாள் ‘திருப்திகரம்’. அந்த மூன்று மணிநேரத்தில் ரப்பர் பால்வெட்டச் சென்றவரும், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவரும், நடைப்பயிற்சிக்கு இறங்கிய முதியவரும் சுவாசித்தது திருப்திகரமான காற்று அல்ல. தில்லியைப் போல வாரக்கணக்கில் மூட்டம் நிலைக்கும் நகரத்துக்கு நாள் சராசரி ஓரளவு உண்மையைச் சொல்லிவிடும். காற்று நாளுக்கு இருமுறை திசை திரும்பும் நம் மாவட்டத்துக்கு மணிவாரி அளவு வேண்டும். தேசியக் கண்காணிப்புத் திட்டத்தின் கைமுறை நிலையங்களில் வாரத்துக்கு இருமுறை, ஆண்டுக்கு 104 நாட்கள் மாதிரி எடுப்பது வழக்கம். சில மணிநேரமே நீடிக்கும் புகை அந்த வலையில் சிக்காமல் தப்பிவிடும்.

கைப்பேசிச் செயலி காட்டும் எண்ணையும் இதே எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். அருகில் நிலையம் இல்லாத ஊருக்குப் பல செயலிகள் செயற்கைக்கோள் தரவையும் கணினி மாதிரியையும் கொண்டு ஒரு மதிப்பீட்டைத் தருகின்றன. பெரிய பரப்புக்கு அது பயன்படும். ஒரு பள்ளத்தாக்கில் இறங்கிய புகையை அது பிடிக்கும் என்று நம்ப இயலாது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள் கண்டறியும் தீப்புள்ளிகளை எச்சரிக்கையாக அனுப்புகிறது. இத்தகைய தீப்புள்ளி வரைபடங்களைப் பொதுமக்களும் இணையத்தில் பார்க்கலாம். புள்ளி எங்கே இருக்கிறது, இரவில் காற்று எந்தச் சரிவு வழியே இறங்கும், வானம் தெளிந்திருக்கிறதா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மறுநாள் காலை எப்படி இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். மேகம் மூடினாலோ, செயற்கைக்கோள் கடந்துபோகும் நேரத்துக்கு இடையே தீ எரிந்து அணைந்தாலோ புள்ளி விழாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, நலமான ஒருவருக்கு ஓரிரு நாள் புகை கண்ணெரிச்சலும் தொண்டைக் கரகரப்பும் தந்து போய்விடும். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதயநோய் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், சிறு குழந்தைகளுக்கும், முதியோருக்கும் அதே புகை மருத்துவமனை செல்லும் அளவுக்கு வினையாகலாம். இழுப்பு மருந்து பயன்படுத்துவோர் அதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பதும், மார்பில் இறுக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்ப்பதும் அவசியம். எல்லோரையும்விட அதிகப் புகையை ஏற்பவர்கள், பச்சைக் கிளைகளை ஒடித்துத் தீயை அடித்து அணைக்கும் வனப் பணியாளர்களும் அவர்களுக்குத் துணைநிற்கும் மலைவாழ் மக்களுமே. அவர்களுக்கு நல்ல முகக்கவசம் கொடுப்பதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம்.

முகத்தில் ஈரத்துணி கட்டுவது நம்மிடையே பரவலான வழக்கம். கரித்தூளை அது தடுக்கும். நுண்துகளைத் தடுப்பதில் அதற்கு அதிகத் திறனில்லை. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 கவசம் 0.3 மைக்ரோமீட்டர் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கிறது, ஆனால் கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களைத் தடுப்பதில்லை. புகை இறங்கிய காலையில் ஓட்டமும் நடையும் வெயில் ஏறும்வரை தள்ளிப்போடத் தக்கவை. கடற்காற்று நுழையும் பிற்பகலில் கதவு சன்னல்களைத் திறந்து வீட்டைக் காற்றாட விடலாம். ஓட்டுவீடுகளில் ஓடுகளின் இடுக்கு வழியே காற்று புகுந்துகொண்டே இருப்பதால் சன்னலை மூடுவது மட்டும் போதுமானதாக இருக்காது. ஓர் அறையையாவது இடுக்குகளைத் துணியால் அடைத்து, நோயுற்றோரை அங்கே தங்கவைக்கலாம். அப்படி அடைத்த அறைக்குள் விறகடுப்பின் புகை புகுவதும், சாம்பிராணி போடுவதும், கொசுவர்த்திச் சுருள் கொளுத்துவதும் கூடாது. ஒரு சுருள் எரியும் மூடிய அறையில் நுண்துகளின் அளவு வெளியே உள்ளதைவிடக் கூடிவிட வாய்ப்புண்டு. அன்றைய இரவுக்குக் கொசுவலை போதும்.